வலது கால் செருப்பு

எருசலேம்
கிஸ்லேவ் மாதம் 12
டிசம்பர் 1968

அன்புள்ள நாகூமுக்கு,

அண்ணி சல்ஹா எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். கடல் தண்ணீரே உறைந்துபோகும் அந்த ஊரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பரில் நம் புத்தாண்டுக்கு நீ போட்ட கடிதம் வந்தது. நாலு வரி. அதில் ஒரு வரி முகவரி மாறியதைப் பற்றி. கப்பல் பட்டறையில் இரும்போடு இரும்பை ஒட்டவைக்கிறவனுக்கு வார்த்தையோடு வார்த்தையை ஒட்டவைக்க வராதா என்று கேட்க நினைத்தேன். சரி, போகட்டும்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. உன் கட்டிலுக்கு மேலே பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. மாவு பிசையும் பேசினை அங்கே வைத்திருக்கிறேன். முற்றத்து எலுமிச்சை இந்த வருஷம் கிளை முறியக் காய்த்தது. மூன்று ஜாடி ஊறுகாய் போட்டேன். பக்கத்து வீட்டு ஜமீலா ஒரு ஜாடியைக் கேட்டாள். அது என் கொழுந்தனுக்கு என்றேன். "ஊறுகாய் திங்கறதுக்கு அவன் ஸ்வீடன்லேருந்து நீந்தி வரப்போறானாக்கும்" என்றாள். சின்ன வயதில் நீ மாத்திரை விழுங்க முடியாமல் அழும்போது, எலுமிச்சங்காயை நினைத்துக்கொள், வாயில் தண்ணீர் ஊறும் என்பேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

மருத்துவமனையில் துணி தைக்கும் அறையில் அதே வேலைதான். கிழிந்த விரிப்புகள் குறைவதே இல்லை. ஊசியில் நூல் கோக்க மட்டும் பக்கத்தில் உட்காருகிறவளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பம்ப் ஸ்டவ் மறுபடியும் மக்கர் செய்தது. கடைத்தெருவில் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் ஒபதியாவை உனக்குத் தெரியும். அவர் மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர்தான் வந்து வாஷர் மாற்றினார். "சல்ஹா, இதுவும் உன்னை மாதிரிதான். நல்லாக் காத்தடிச்சாத்தான் சீறும். சீறினப்புறம்தான் எரியும்" என்று கிண்டல் செய்தார். இந்த வருஷத்தில் ஆறாவது தடவை வந்திருக்கிறார். ஒரு ஸ்டவ் வருஷத்துக்கு ஆறு தடவை கெட்டுப்போகாது. நீ புத்திசாலி, உனக்கே புரியும்.

இனிச் சுற்றி வளைக்கவில்லை. உன் அண்ணன் ரஹமீம் கல்யாணமான ஏழாம் மாதம் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். குழந்தை இல்லை. உனக்கு அப்போது நாலு வயது, தாயில்லாப் பிள்ளை. மோசேயின் சட்டப்படி, பிள்ளை இல்லாமல் இறந்தவனின் மனைவி அவன் சகோதரனோடு கட்டப்பட்டிருக்கிறாள். அவளை எடுத்துக்கொள்ள விருப்பமில்லை என்று அந்தச் சகோதரன் நீதிபதிகள் முன்னால் வந்து நின்று சொல்லி, அவள் அவனுடைய வலது கால் செருப்பைக் கழற்றும்வரை வேறு எவனும் அவளைக் கட்டிக்கொள்ள முடியாது. இது உனக்குத் தெரியாததல்ல. சட்டம் ஏற்கும் வயது வந்து, உனக்குப் பதினாலானபோது ஒருமுறை போனோம். அது நடக்காமல் போயிற்று. அதைப்பற்றி இந்தப் பதினோரு வருஷமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது நான் பேசுகிறேன்.

ஒபதியா என்னைக் கேட்டுவிட்டார். ஹைஃபாவில் இருக்கும் அவர் மகள் கடையை மூடிவிட்டு வரச் சொல்கிறாள். மே கடைசியில், ரூத்தின் கதை வாசிக்கும் வாரங்களின் பண்டிகை வரைக்கும் இங்கே இருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு நாற்பத்தொன்று முடியப்போகிறது. நீ பஸ்காவுக்கு வந்தால் போதும். நீதிமன்ற எழுத்தரிடம் விசாரித்துவிட்டேன். அரை மணி நேர வேலை என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பட்டறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய். ஆண்டவன் உன்னை நெருப்பிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
சல்ஹா


எருசலேம்
ஆதார் மாதம் 3
பிப்ரவரி 1969

அன்புள்ள நாகூமுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீ அனுப்பிய பார்சல் வந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை அளவெடுத்துப் பின்னியதுபோல இருக்கிறது. என் கை அளவு உனக்கு இன்னும் ஞாபகம் இருப்பதை நினைத்து அழுதேன். அதற்குப் பிறகு கூடவே வைத்திருந்த அட்டையைப் படித்தேன். "நலம். வேலை அதிகம். வர இயலாது. மன்னிக்கவும்." நான் என்ன தபால் நிலையமா, மன்னிக்கவும் என்று எழுத? கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீடு முழுவதும் தேய்த்துக் கழுவினேன். கோபம் தீரவில்லை, தரைதான் சுத்தமாயிற்று.

ஜமீலாவிடம் இரண்டு வாரமாகப் பேச்சு இல்லை. அவள் சொன்னதை உனக்கு எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன், யாரிடம்தான் சொல்வது? நான் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தவள், "எதுக்குடி எழுதி எழுதிக் கை ஒடியற? அவன் ஏறி எறங்குறது கப்பல்ல. ஒண்ணு முழுகிச்சுன்னா உனக்கு விடுதலை. சட்டத்துல அதுக்கும் எடம் இருக்கு" என்றாள். சட்டத்தில் இடம் இருப்பது உண்மைதான். நீ இல்லாமல் போனால் நான் யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. அடுப்பிலிருந்த வெந்நீரை எடுத்து அவள் காலடியில் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். காலில் படவில்லை. பட்டிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். அன்றிலிருந்து விளக்கேற்றும்போது உன் பெயரை இரண்டு தடவை சொல்கிறேன்.

இந்த ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையால் என்னைப் புகழ்கிறார்கள். ஹெசெத். போனவனுக்கும் அவன் தம்பிக்கும் சல்ஹா செய்தது எவ்வளவு பெரிய ஹெசெத் என்று. மாமியாரை விட்டுப் போகாமல் இருந்ததற்காக ரூத்துக்குச் சொன்ன வார்த்தை அது. எனக்கு எரிச்சலாக வரும். ரூத்துக்கு ஒரே காலையில் எல்லாம் முடிந்தது. ஊர் வாசலில் ஒருவன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான், இன்னொருவன் கல்யாணம் செய்துகொண்டான். நான் இருபத்தோரு வருஷமாக வாசலிலேயே நிற்கிறேன்.

அந்த எரிச்சலில் ஒருநாள் ஒபதியாவிடம், ஹெசெத் என்றால் உண்மையில் என்னதான் அர்த்தம் என்று கேட்டேன். அவர் காலையில் ஜெபத்துக்குப் பிறகு வேதம் வாசிக்கிறவர். ஸ்டவ் பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டே, "திரும்பக் கெடைக்காதுன்னு தெரிஞ்சும் ஒருத்தரை விட்டுடாம இருக்கறது. செத்தவங்களுக்குச் செய்யறோமே, அந்த மாதிரி" என்றார். பின்னை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆனா அதே வார்த்தை ஓரிரு எடத்துல அவமானம்ங்கற அர்த்தத்துலயும் வருது. அது ஏன்னு என்னைக் கேக்காதே. நான் ஸ்டவ் ரிப்பேர் பண்றவன்" என்றார்.

நீ வராததற்குக் காரணம் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாள்தான் காரணம். அதை நான் மறந்துவிட்டேன் என்றோ, உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்றோ நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஐந்து பேர் நீளப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் காலைக் கழுவச் சொன்னார்கள். உனக்குப் பெரிதாயிருந்த அந்தத் தோல் செருப்பின் வார்களை ஒருவர் உன் காலைச் சுற்றிக் கட்டினார். நாலு அடி நடக்கச் சொன்னார்கள், நீ வாத்துபோல நடந்தாய். முதலில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், என் கணவரின் சகோதரன் அவர் பெயரை நிலைநிறுத்த மறுக்கிறான் என்று. அடுத்தது உன் முறை. இவளை எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை என்று நீ சொல்ல வேண்டும்.

பெரிய நீதிபதி வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். நீ வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் தடவை, வேதத்தின் பாஷையை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற மாதிரியே, "எனக்கு அண்ணி வேணும்" என்று சொன்னாய்.

எழுத்தர் முதலில் சிரித்தார். பிறகு வாசலில் நின்றவர்கள். நீ ஒரு காலில் செருப்போடு வெளியே ஓடினாய், அதைத் திரும்ப வாங்க ஆள் அனுப்பினார்கள். நாம் வீடு வந்து சேர்வதற்குள் பேச்சு கடைத்தெருவுக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து உனக்கு மாப்பிள்ளை என்று பெயர். பள்ளிக்கூடத்தில், "மாப்பிள்ளை வராரு, எந்திரிச்சு எடம் குடுங்கடா" என்றார்களாம். நீ என்னிடம் சொன்னதில்லை. ரொட்டிக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். நீ அதற்குப் பிறகு என்னோடு கடைக்கு வந்ததில்லை. தெருவில் என்னோடு சேர்ந்து நடந்ததுமில்லை. ராணுவச் சேவை முடிந்த அடுத்த மாதம் கப்பலேறினாய்.

அந்தச் சிரிப்பெல்லாம் செத்துப்போன சிரிப்பு, நாகூம். சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லறையில். வா. வந்து அரை மணி நேரம் நில். ஆண்டவன் உன் மனத்தை இளக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
சல்ஹா


எருசலேம்
ஆதார் மாதம் 20
மார்ச் 1969

அன்புள்ள நாகூமுக்கு,

உன் கடிதம் வந்தது. ஆறு பக்கம். தபால்காரர் முற்றத்தில் நிற்கும்போதே பிரித்துவிட்டேன், அவர் பொறுமையாக நின்றார், ஏதும் கெட்ட செய்தியோ என்று. உனக்கு எழுத வராது என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

"ஒரு வார்த்தையில் உங்கள் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான். முப்பது வயதில் நீங்கள் போயிருக்கலாம், என்னால் போகவில்லை. எந்த முகத்தோடு வந்து அந்த அறையில் நிற்பேன்" என்று எழுதியிருக்கிறாய். இந்த மூன்று வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. வேலைக்குக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். விரிப்பின் ஓரம் தைப்பதற்குப் பதில் இரண்டு விரிப்பைச் சேர்த்துத் தைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் அம்மா, "இது யாருக்கு, ரெட்டைப் புள்ளைக்கா?" என்று கேட்டாள்.

இனி நான் எழுதப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

நீ வெளியே ஓடிய பிறகு பெரிய நீதிபதி என்னை அருகே கூப்பிட்டார். அந்த அறையில் சிரிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். "புள்ளை பயந்துட்டாம்மா. கூட்டிட்டுப் போயிச் சாப்பாடு போடு. வியாழக்கெழமை திரும்பக் கூட்டிட்டு வா. வெளியாள் யாரும் இல்லாம முடிச்சுடலாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். வியாழக்கிழமை வந்தது. நான் வேலைக்குப் போனேன். அடுத்த வியாழக்கிழமையும் வேலைக்குத்தான் போனேன். ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பையன் பிடிவாதம் பிடிக்கிறான், வரமாட்டேன் என்கிறான் என்று சொல்லி அனுப்பினேன். ஜமீலாவிடமும் அப்படியே சொன்னேன். ஊர் முழுக்க அதைத்தான் நம்பியது. நீயும் அதைத்தான் நம்பியிருக்கிறாய். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை, நாகூம். கேட்டிருந்தால் நீ வந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஏன் என்று கேட்பாய். உன் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு உனக்கு இருந்தது நான் ஒருத்திதான். செருப்புக் கழன்றதும் என் அண்ணன்மார் என்னை வேறு ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டு உன்னை அநாதைப் பிள்ளைகள் விடுதியில் சேர்ப்பதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நீ "வேணும்" என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தது பெரியவர்கள், ஏழு மாதத்தில் அப்படி ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரம் வரவில்லை. முப்பது வயது வரைக்கும் என்னைப் பார்த்து யாரும் வேண்டும் என்று சொன்னதில்லை. ஐந்து நீதிபதிகள் முன்னால், சத்தமாக, சட்டத்தையே மீறி ஒருவன் சொன்னான். அதை அடுத்த வியாழக்கிழமையே வேண்டாம் என்று மாற்றிச் சொல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கெடுத்தவன் நீ இல்லை. நான் ஊரெல்லாம் ஹெசெத் ஹெசெத் என்று மாலை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையின் மறுபாதியை ஒரு பதினாலு வயதுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிட்டேன். ஒபதியா சொன்ன நாளிலிருந்து இது என்னைக் குடைகிறது. அவரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர் பம்பை அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு ஏன் சொல்ற? அவனுக்கு எழுது" என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, சொல்ல ஆரம்பித்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இருந்தவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் தலையில் இரண்டு கையையும் வைத்து ஆசீர்வதிப்பார். அவர் இறந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, நீ குளித்துவிட்டு வந்து, வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு என் முன்னால் நின்றாய். ஒன்பது வயது. காதோரம் ஈரம்கூடக் காயவில்லை. பெற்றவர்கள்தானே கை வைக்கலாம், நான் யார் என்று நினைத்தேன். உன் கையில் சூப்புக் கிண்ணத்தைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நீ குனியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சமையலறை வாசலில் நின்று, நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்வேன். சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு என்மேல் கோபம் வந்தால் அது நியாயம். கோபத்தோடேயே வா. ஒபதியாவுக்காகக்கூட வேண்டாம். அந்த அறையில் நீ நின்று, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வருவதை இந்த ஊர் பார்க்க வேண்டும். நானும் பார்க்க வேண்டும். ஆண்டவன் என்னை மன்னிக்கட்டும், உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
சல்ஹா


எருசலேம்
சீவான் மாதம் 18
ஜூன் 1969

அன்புள்ள நாகூமுக்கு,

சல்ஹா எழுதிக்கொள்வது. அண்ணி என்று எழுதப்போய்க் கை நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த எழுத்தர், அதே பழைய எழுத்தர்தான், பல் மட்டும் பாதி போய்விட்டது, பதிவேட்டை மூடும்போது, "ஆச்சு தம்பி, கட்டு அவுந்துபோச்சு. இனிமே இவங்க யாரோ, நீ யாரோ" என்றார். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். அவருக்குச் சர்க்கரை மிட்டாய் கொடுத்தாய். எனக்கு மட்டும் அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது.

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். நீ கூரை ஏறி அடைத்த இடத்தில் இனி ஒழுகாது என்று நினைக்கிறேன், மழை வந்தால்தான் தெரியும். உன் கட்டிலை அப்படியே வைத்திருக்கிறேன். விரிப்பை இன்னும் மாற்றவில்லை. மூன்று வாரம் ஓர் ஆள் இருந்துவிட்டுப் போனால் வீடு இவ்வளவு பெரிதாகிவிடுமா? இரண்டு பேருக்கு என்று பழகிய கை இன்றைக்கும் இரண்டு தம்ளர் தேநீர் போட்டுவிட்டது. ஒன்றை ஜமீலாவுக்குக் கொடுத்தேன். நாங்கள் ராசியாகிவிட்டோம். அவள் நீ அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தவள். "என்ன ஒசரம்டி உன் புள்ளை" என்றாள். நான் திருத்தவில்லை.

அந்த அறையைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நீ இருந்தபோது என்னால் முடியவில்லை. பெரிய நீதிபதி மாறிவிட்டார், செருப்பு அதேதான். இந்தத் தடவை அது உன் காலுக்குச் சரியாக இருந்தது. அவர் சொல்லிக்கொடுக்க வேண்டியே இருக்கவில்லை. நீ தரையைப் பார்த்துக்கொண்டு, இவளை எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை என்று ஒரே மூச்சில் தெளிவாகச் சொன்னாய். இருபத்தோரு வருஷம் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் எனக்கு வலித்தது. முட்டிபோட்டு இடது கையால் உன் காலைப் பிடித்து, வலது கையால் வார்களை அவிழ்த்தேன். உன் குதிகாலில் பழைய வெட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது. உடைந்த ஜாடிமேல் நீ ஓடிய அன்றைக்கு நான் கட்டுப்போட்ட இடம்.

செருப்பைக் கழற்றி எறிந்த பிறகு உன் முன்னால் தரையில் துப்ப வேண்டும். ஐந்து பேரும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். என் வாய் வறண்டுபோயிற்று. ஒரு சொட்டு இல்லை. அவர்கள் காத்திருக்கிறார்கள். எழுத்தர் இருமுகிறார். அப்போது நீ உதட்டை அசைக்காமல், "எலுமிச்சங்காயை நெனச்சுக்கோங்க அண்ணி" என்றாய். அவர்களுக்குக் கேட்டதோ என்னவோ, இளைய நீதிபதி தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு வாய் ஊறியது. கண்ணும்தான். அதற்குப் பிறகு, தன் சகோதரன் வீட்டைக் கட்டாதவனுக்கு இப்படியே ஆகும் என்று நான் சொன்னேன். செருப்புக் கழற்றப்பட்டவன் என்று எல்லாரும் மூன்று தடவை சொன்னார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ தலை நிமிர்ந்து நின்றாய். உன் அண்ணன் வீட்டை ஏழு மாதத்துக்கு மேல் தாங்கிக்கொண்டு நின்றவன் நீ ஒருவன்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

பண்டிகை அன்று ரூத்தின் கதை வாசித்து முடித்த பிறகு நம் வீட்டில் சாப்பிட்டோமே, அப்போது ஒபதியா உன்னிடம் பேசியதை நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "எமுனான்னா விசுவாசம்னு எல்லாரும் சொல்றாங்க. மோசேயோட கை பொழுது சாயற வரைக்கும் எமுனாவா இருந்ததுன்னு எழுதியிருக்கு. கைக்கு என்னப்பா விசுவாசம்? தொங்காம நின்னுச்சு, அவ்வளவுதான். அதுவும் ரெண்டு பேரு ரெண்டு பக்கம் தாங்கிப் புடிச்சதால" என்றார். நீ சிரித்தாய். பிறகு அவர் சொன்னார், ரூத்தின் பிள்ளையை அவள் மாமியார் நகோமி மடியில் வைத்து வளர்த்தாளே, அவளுக்கு ஓமெனெத் என்று போட்டிருக்கிறது, அதுவும் இதே குடும்பத்து வார்த்தைதான் என்று. "பெத்தவளுக்கு அந்தப் பேரு இல்ல. வளத்தவளுக்குத்தான்" என்றார். நீ கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் உள்ளேயே நின்றுவிட்டேன். சோறு ஆறிப்போனதற்கு அதுதான் காரணம், நீ கேட்டபோது அடுப்புச் சரியில்லை என்று சொன்னேன்.

கல்யாணம் ஆவ் மாத நோன்பு முடிந்த பிறகு. பத்துப் பேர் போதும் என்று சொல்லிவிட்டேன். ஹைஃபாவுக்குப் போகிறோம். அவர் மகள் பார்த்திருக்கும் வீட்டு மாடியிலிருந்து துறைமுகம் தெரியுமாம். எந்தக் கப்பல் எந்தத் தேசத்துக் கப்பல் என்று எனக்குத் தெரியாது, அவர் சொல்லித் தருவதாகச் சொல்கிறார். அவருக்கும் தெரியாது. ஊறுகாய் ஜாடியைக் கையோடு எடுத்துப்போகிறேன், நீ மறந்துவிட்டுப் போய்விட்டாய்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அது. பேருந்து நிலையத்தில், ஓட்டுநர் கூப்பிட்ட பிறகு, நீ பையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். செருப்பு வார் அவிழ்ந்துவிட்டதோ என்று நானும் கீழே குனிந்து பார்த்தேன். "கட்டித்தானேப்பா இருக்கு" என்றேன். நீ சிரித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஏறினாய். பேருந்து மேட்டைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வியாழக்கிழமை. நீ வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது என்று முன்கூட்டியே குனிந்திருக்கிறாய். பதினாறு வருஷத்துக்கு முன்னால் சூப்புக் கிண்ணம், இப்போது செருப்பு வார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கேட்டாள்.

ஆகவே இப்படிச் செய். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அங்கே பொழுது எப்போது சாய்கிறதோ அப்போது, குளித்துவிட்டு வந்து உட்கார். இந்தக் காகிதத்தை நாலாக மடித்து உன் தலைமேல் வை. அதன்மேல் உன் இரண்டு கையையும் வைத்துக்கொள். என் கை என்று நினைத்துக்கொள், கையுறை அளவு உனக்குத்தான் தெரியுமே. நான் இங்கே விளக்கு முன்னால் நின்று, உன் அப்பா சொல்லும் அந்த வார்த்தைகளை இந்தத் தடவை வாய்விட்டு, ஜமீலாவுக்குக் கேட்கும்படி சொல்வேன்.

ஆண்டவன் உன்னை எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் வாழவைக்கட்டும். போகும்போதும் வரும்போதும் உன்னைக் காக்கட்டும். அவன் முகம் எப்போதும் உன் பக்கம் திரும்பியிருக்கட்டும். உனக்குச் சமாதானம் தரட்டும், மகனே.

இப்படிக்கு,
உன்னை வளர்த்தவள்
சல்ஹா